வயிறு என்ற ஒரு சொல் போதாது

மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். "எனக்கு வயிறு வலிக்கிறது" என்று உங்கள் தோழி சொல்கிறாள். எது வலிக்கிறது? இரைப்பையா, பெருங்குடலா, சிறுநீர்ப்பையா, கருப்பையா? அந்த ஒரு சொல்லுக்குள் இத்தனை உறுப்புகள் ஒளிந்திருக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் பேச்சு அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடும். கோடாலித் தைலம் வரும், சீரகத் தண்ணீர் வரும். விளக்கம் மட்டும் வராது.

இந்த வாரம் நான் எழுதப் போவது, பலர் வாய்திறந்து பேசாத ஒன்றைப் பற்றி. கருச்சிதைவோ கருக்கலைப்போ நடந்த பிறகு ஒரு பெண்ணின் உடல் எப்படித் தேறுகிறது? அந்த நாள்களில் குடல் ஏன் தொல்லை தருகிறது? "இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்குப் பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. அவரே விரும்பிக் காத்திருந்த குழந்தை அது. மருத்துவமனையில் கருப்பைக்குள் எஞ்சியிருந்ததை அகற்றி, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வயித்த கழுவிட்டாங்க" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்போது நான் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கழுவினால் குடலையும் சேர்த்துத்தான் கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அக்காவுக்குப் பத்தியம் ஆரம்பமானது. மிளகு ரசம், பூண்டு, சுட்ட கருவாடு. பழம் கூடாது, குளிர்ச்சி. கீரை கூடாது. தண்ணீர் அளவோடுதான். கூடவே மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. எழுந்து நடக்கவும் விடவில்லை. ஐந்து நாள் அவருக்கு மலம் கழியவில்லை. வயிறு உப்பி, சுருட்டிச் சுருட்டி வலித்தது. கழிவறையில் முக்கவும் பயம். உள்ளே போட்ட தையல் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த தாதி முகம் சுளிக்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "உள்ள தையலே போடலம்மா. எங்கயும் வெட்டல. நல்லா தண்ணி குடிங்க, நடங்க, பப்பாளி சாப்பிடுங்க" என்றார். மருத்துவர் மலமிளக்கி எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் தீர்ந்தது. இரண்டு நிமிட விளக்கம் இல்லாததால் ஐந்து நாள் பயம். குழந்தையை இழந்த துயரத்தின் மேல் அதையும் சுமந்தார். இந்தக் கட்டுரை அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியது.

சுவர் ஒட்டிய வீடுகள்

படிவம் ஒன்று அறிவியலில் இனப்பெருக்கம் படிக்கிறீர்கள். கருப்பையின் படத்தை வரைந்து பெயர் குறிக்கிறீர்கள். படிவம் இரண்டில் உணவூட்டம் படிக்கிறீர்கள். அங்கே குடலின் படம் வருகிறது. ஒரு படத்தில் குடல் இல்லை, மற்றதில் கருப்பை இல்லை. இரண்டும் வேறு வேறு உடலில் இருப்பதுபோல் மனத்தில் பதிந்துவிடுகிறது.

உண்மையில் கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். மேலே சிறுகுடலின் வளைவுகள் வந்து படிந்திருக்கும். கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காட்லாந்து உடற்கூறு அறிஞர் ஜேம்ஸ் டக்ளஸின் பெயரால் மருத்துவர்கள் அதை இன்றும் டக்ளஸ் பள்ளம் என்கிறார்கள். சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கேட்கும் அல்லவா? இங்கும் அப்படித்தான்.

இடம் மட்டுமல்ல, தசையும் ஒரே வகை. கையை மடக்கும் தசை நீங்கள் சொன்னபடி கேட்கும். குடலிலும் கருப்பையிலும் இருப்பது மென்தசை. அது உங்கள் கட்டளைக்குக் காத்திருக்காது. தானாகச் சுருங்கும், தானாகத் தளரும். இந்த உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகளும் பல இடங்களில் ஒரே பாதையில் போகின்றன. விரலில் முள் குத்தினால் குத்திய இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடுவீர்கள். உள்ளுறுப்பு வலியை அப்படிக் காட்ட முடியாது. குடல் வலியா, கருப்பை வலியா என்று பல நேரம் அவருக்கே தெரியாது. எனவே "எங்கே என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை" என்பவர் நடிக்கவில்லை. உடலின் அமைப்பே அப்படி.

ஒரே கட்டளைக்கு இரண்டு தசைகள்

அடுத்து ஒரு வேதிப்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின். 1930களில் சுவீடன் அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர் இந்தப் பெயரை வைத்தார். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் உருவாகும் பொருள் என்று நினைத்து வைத்த பெயர் அது. பிறகுதான் உடலின் பல திசுக்களும் இதை உருவாக்குகின்றன என்று தெரிந்தது. பெயர் தவறு, ஆனால் ஒட்டிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்கள் மென்தசையைச் சுருங்கச் செய்கின்றன. மாதவிடாய் நேரத்தில் கருப்பையின் உள்படலம் இவற்றை வெளியிடுகிறது. கருப்பை சுருங்குகிறது, வலிக்கிறது. ஆனால் இவை கருப்பையோடு நிற்பதில்லை. பக்கத்திலுள்ள குடலையும் தட்டிவிடுகின்றன. மாதவிடாயின் முதல் ஓரிரு நாளில் சிலருக்கு வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். இதை வாசிக்கும் மாணவியர் சிலர் இப்போது "ஓ, அதனாலா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான். நீங்கள் முதல் நாள் சாப்பிட்ட நாசி லெமாக் மீது பழி போட வேண்டியதில்லை.

1971இல் ஜான் வேன் என்ற பிரிட்டன் அறிஞர், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். சுவீடனைச் சேர்ந்த பெரிஸ்த்ரோம், சாமுவேல்சன் ஆகியோரோடு 1982இல் நோபெல் பரிசு பெற்றார். மாதவிடாய் வலிக்கு மருத்துவர் தரும் மெஃபனாமிக் அமில மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கரு கலைந்த பின் கருப்பையில் எஞ்சியதை வெளியேற்றவும், மருத்துவக் கண்காணிப்பில் கருக்கலைப்புச் செய்யவும் மருத்துவர்கள் மிசோபுரோஸ்டால் என்ற மருந்தைப் பயன்படுத்துவது உண்டு. அது புரோஸ்டாகிளாண்டினைப் போலவே வடிவமைக்கப்பட்ட மருந்து. முதலில் அதை உருவாக்கியது இரைப்பைப் புண்ணைத் தடுக்க. கருப்பையையும் அது சுருங்கச் செய்யும் என்பதே அதன் இன்னொரு பயனுக்கு வழி திறந்தது. அப்படியானால் குடல் சும்மா இருக்குமா? வயிற்றுப்போக்கு, குமட்டல், குளிர்நடுக்கம், காய்ச்சல் ஆகியவை அதன் தெரிந்த பக்க விளைவுகள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். விவரம் தெரியாதவருக்கு இது நோய்போல் தோன்றும். சிலருக்குத் தண்டனைபோலவும் தோன்றும். இரண்டும் இல்லை. மருந்து தன் வேலையைச் செய்கிறது, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுகிறது. அவ்வளவுதான்.

மலச்சிக்கல் வருவது எப்படி?

என் அக்காவுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அதற்குக் காரணம் ஒன்றல்ல, பல.

முதல் காரணம் ஹார்மோன். கருவுற்ற காலத்தில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருக்கும். கருப்பை சுருங்காமல் அமைதியாக இருக்க அது தேவை. அதே ஹார்மோன் குடல் தசையையும் தளர்த்துவதால் உணவு மெதுவாக நகரும். கரு நீங்கிய பின் ஹார்மோன் அளவு இறங்கிப் பழைய நிலைக்கு வரும்வரை குடலின் வேகமும் சற்றுக் குழம்பும்.

அடுத்தது, மயக்க மருந்தும் கோடீன் போன்ற சில வலி மருந்துகளும். இவை குடலின் அசைவைக் குறைக்கும். மூன்றாவது, இரும்புச்சத்து மாத்திரை. இரத்தம் இழந்தவருக்கு அது தேவைதான், ஆனால் மலத்தை இறுக்கும். மலத்தைக் கறுப்பாகவும் ஆக்கும். நிறத்தைப் பார்த்து வீட்டில் அலற வேண்டாம். ஆனால் மாத்திரை சாப்பிடாத ஒருவருக்கு மலம் தார்போல் கறுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நான்காவதாக வருவது நம் பத்தியம். பாட்டியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. சூடான ரசம் உடம்புக்கு இதம்தான். ஆனால் தண்ணீரையும் பழத்தையும் கீரையையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, நடக்கவும் விடாமல் செய்தால் எந்தக் குடலும் நின்றுவிடும். நார்ச்சத்தும் தண்ணீரும் இருந்தால்தான் மலம் இளகும். ரசத்தோடு பப்பாளியையும் ஒரு குவளைத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால் பாட்டியின் அன்பும் நிற்கும், அறிவியலும் நிற்கும்.

கடைசியாகப் பயம். முக்கினால் உள்ளே ஏதோ கிழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் செய்யும் உறிஞ்சு முறையில் வயிற்றில் கத்தி படுவதில்லை. கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். குடலை யாரும் கழுவுவதில்லை. பிரிவதற்குத் தையலும் இல்லை. "கழுவுதல்" என்ற நம் வழக்குச் சொல் எவ்வளவு பயத்தைக் கிளப்புகிறது பாருங்கள்.

தேறும் நாள்கள்

சிகிச்சைக்குப் பின் கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும். அதனால் சில நாள்களுக்கு மாதவிடாய் வலிபோல் விட்டு விட்டு வலிக்கும். இரத்தப்போக்கு ஒன்றிரண்டு வாரம் வரை கூடிக் குறைந்து இருக்கலாம். கருவின் ஹார்மோன் இரத்தத்தில் சில வாரங்கள் எஞ்சியிருக்கும். அதனால் சோதனை செய்து பார்த்தால் கருவுற்றிருப்பதாகவே காட்டலாம். மாதவிடாய் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களுக்குள் திரும்பும். ஆனால் அதற்கு முன்பே சினைமுட்டை வெளிவரக்கூடும்.

உதவுவது எது? தண்ணீர், பழம், கீரை, ஓட்ஸ், மெதுவான நடை. வலிக்கு மருத்துவர் சொன்ன மருந்தும், அடிவயிற்றில் வெந்நீர்ப் பையும். கழிவறையில் காலுக்குக் கீழே ஒரு சிறு முக்காலியை வைத்தால் மலக்குடல் நேராகி எளிதாகும். மலம் வரும் உணர்வை அடக்கி வைக்கக் கூடாது. மனமும் தேற வேண்டும். சிலர் அழுவார்கள், சிலருக்கு நிம்மதி வரும், சிலருக்கு இரண்டும் ஒரே நாளில் வரும். எந்த உணர்வும் தவறில்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய அளவு பேட் இரண்டோ அதற்கு மேலோ ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்வது; 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல் நீடிப்பது; மருந்துக்கு அடங்காத வலி; துர்நாற்றமுள்ள கசிவு; மயக்கம்; வயிறு பலகைபோல் இறுகுவது; வாந்தியோடு, மலமும் வாயுவும் ஒருசேர நின்றுபோவது; மலத்தில் இரத்தம். சிகிச்சையின்போது கருப்பையோ குடலோ காயப்படுவது அரிது. ஆனால் அரிதானது நடக்கவே நடக்காதது அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் தைலத்தைத் தேடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பேசுவது ஒப்புதல் தருவது ஆகாது

இனி என் கருத்துக்கு வருகிறேன். "இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். பிள்ளைகள்மீது உள்ள அக்கறையிலிருந்து வருவது அது. ஆனால் எலும்பு முறிந்தால் எப்படி ஒட்டும் என்று சொல்லிக் கொடுப்பதால் யாரும் மரத்திலிருந்து குதிப்பதில்லை.

கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமயத்துக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 312ஆவது பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. ஆனால் 1989இல் திருத்தப்பட்ட விதிவிலக்கு ஒன்று உண்டு. கருவைத் தொடர்வது, கலைப்பதைவிடத் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ அதிக ஆபத்தானது என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால் செய்யலாம். சிங்கப்பூரில் 1970 முதல் இதற்கெனத் தனிச் சட்டமே இருக்கிறது. இந்த விவாதம் தொடரட்டும், நல்லதுதான். ஆனால் சிகிச்சை முடிந்து வலியோடு படுத்திருப்பவரிடம் அந்த விவாதத்தை நடத்துவது அறிவியலும் இல்லை, மனிதத் தன்மையும் இல்லை. தானாகக் கலைந்ததா, கலைக்கப்பட்டதா என்று குடலுக்குத் தெரியாது. காய்ச்சலுக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே கவனிப்புத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மருத்துவ ஆங்கிலத்தில் தானாகக் கலைவதையும் "அபார்ஷன்" என்றே எழுதும் வழக்கம் உண்டு. அந்தச் சொல்லை மருத்துவமனைத் தாளில் பார்த்துவிட்டு, குழந்தையை இழந்த பெண்ணையே சந்தேகப்படும் குடும்பங்கள் இருக்கும். அறிந்த கருவுறுதல்களில் பத்தில் ஒன்றுக்கும் மேல் தானாகக் கலைகின்றன. உங்கள் வகுப்பில் முப்பது பேர் இருந்தால், அந்த வீடுகளில் சிலவற்றிலாவது இது நடந்திருக்கும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மௌனத்துக்கு விலை உண்டு. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் நடப்பதாகவும், அவற்றில் 45 விழுக்காடு பாதுகாப்பற்றவை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வெட்கத்துக்குப் பயந்து, யாரென்றே தெரியாதவர் இணையத்தில் விற்கும் மாத்திரையை வாங்கி விழுங்குபவருக்கு, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எந்த வலி இயல்பு, எந்த வலி ஆபத்து என்றும் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ அப்படியொரு நிலை வந்தால், மாத்திரை விற்பவரைத் தேடாதீர்கள். நம்பக்கூடிய ஒரு பெரியவரிடமோ மருத்துவரிடமோ போங்கள். மலேசியாவில் தாலியான் காசே உதவி எண் 15999 இருக்கிறது. யாரேனும் கட்டாயப்படுத்தியதால் நேர்ந்தது என்றால் அது அந்தப் பிள்ளையின் குற்றமே அல்ல. அதைச் சொல்லத் தயங்கவே வேண்டாம்.

எனவே மூன்று கோரிக்கைகள். ஆசிரியர்களே, கருப்பையையும் குடலையும் ஒரு முறையாவது ஒரே படத்தில் வரைந்து காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். பெற்றோரே, பத்தியத்தோடு தண்ணீரும் கொடுங்கள், "மலம் கழிந்ததா?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். மருத்துவமனையில் தாதியர் தினமும் கேட்கும் கேள்விதான் அது. மாணவர்களே, குறிப்பாக மாணவச் சிறுவர்களே, இது பெண்கள் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்களுக்கு அக்கா இருக்கிறார், தங்கை இருக்கிறாள். நாளை மனைவி இருப்பார். அன்று நான் படிவம் மூன்றில் இருந்தேன். குடல் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அக்காவுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கத் தெரியவில்லை.

அடுத்த முறை வீட்டில் யாராவது "வயிறு வலிக்கிறது" என்றால், தைலக் குப்பியை எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே வலிக்கிறது? எப்போதிலிருந்து? வேறு என்ன செய்கிறது? பதில் உடனே வராமல் போகலாம். பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் ஐந்து நாள் காத்திருக்க மாட்டார்.